ஒரே சேறு, பல தேதிகள்: பூமியில் மனிதத் தடத்தை யார் எப்படிப் படிக்கிறார்கள்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிராஃபோர்ட் ஏரி என்று ஒன்று இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 2.4 ஹெக்டேர்தான், ஒரு சுற்று நடந்துவர அதிக நேரம் ஆகாது. ஆனால் ஆழம் 24 மீட்டர் அளவுக்குப் போகிறது. வாய் சிறுத்து வயிறு இறங்கிய பானை மாதிரி. அதனால் மேலே எவ்வளவு காற்றடித்தாலும் அடித்தண்ணீர் கலங்குவதில்லை. சேற்றைக் கிளறும் புழுக்களும் அங்கே வாழ்வதில்லை. கோடையில் மேல்தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெண்துகளாகப் பிரிந்து அடியில் போய்ப் படிகிறது. குளிர் நெருங்கும்போது செத்த பாசியும் மக்கிய தாவரத் துணுக்குகளும் அதன்மேல் கறுப்பாக ஒரு பூச்சு பூசுகின்றன. ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. அது ஓர் ஆண்டு. மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல இந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே பின்னோக்கிப் போகலாம்.

எண்ணுவதற்கு முன் சேற்றை அலுங்காமல் வெளியே எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயை இறக்கினால் மேலடுக்குகள் கரைந்து குழம்பிவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உள்ளே கூடாக இருக்கும் உலோக ஆப்பு ஒன்றில் உலர்பனிக்கட்டியையும் ஆல்கஹாலையும் நிரப்பி ஏரியின் அடியில் செருகிவிடுவார்கள். சற்று நேரத்தில் சேறு அதன் பக்கங்களில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இழுத்து மேலே கொண்டுவந்தால், வரிவரியாகக் கோடு போட்ட பலகைபோல நூற்றாண்டுகள் நிற்கும்.

1970களின் தொடக்கத்தில் இந்தச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்த மகரந்த ஆய்வாளர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சில நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் மக்காச்சோள மகரந்தம் இருந்தது. மக்காச்சோளம் தானாக முளைத்துப் பரவும் செடியல்ல. யாராவது விதைத்தால்தான் உண்டு. அதன் மகரந்தமும் கனமானது, அதிக தூரம் பறக்காது. அப்படியானால் பக்கத்திலேயே யாரோ பயிர் செய்திருக்கிறார்கள். தொல்லியலாளர்கள் வந்து தேடினார்கள். ஏரிக்கு அருகிலேயே நீள்வீடுகள் கொண்ட ஒரு கிராமத்தின் தடயம் கிடைத்தது. ஐரோப்பியர்கள் அங்கு வருவதற்கு முன், 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில், இராக்குவோய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள் வாழ்ந்த இடம் அது. மண்ணுக்கடியில் மறைந்திருந்த ஊரைத் தண்ணீருக்கடியில் இருந்த தூள் காட்டிக்கொடுத்தது.

அதே சேற்றில் இன்னும் மேலே வந்தால் 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் மரம் வெட்டிய அடையாளம் தெரிகிறது: மர மகரந்தம் குறைந்து, வெட்டவெளியில் மண்டும் களைச்செடியின் மகரந்தம் கூடுகிறது. இன்னும் மேலே, நிலக்கரியையோ எண்ணெயையோ கடும் வெப்பத்தில் எரித்தால் மட்டுமே உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத கரியுருண்டைகள். 1950களின் அடுக்கில் புளூட்டோனியம். எங்கோ பசிபிக் தீவுகளிலும் பாலைவனங்களிலும் வெடித்த அணுகுண்டுகளின் தூசு காற்றோடு வந்து இந்தச் சின்ன ஏரிக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. இந்தக் கோடுகளில் எதைத் தொட்டு, “இங்கேதான் மனிதன் பூமியை மாற்றத் தொடங்கினான்” என்று சொல்வது? தொல்லியலாளர் மக்காச்சோளத்தைத் தொடுவார். வரலாற்றாளர் மரம் விழுந்த அடுக்கைத் தொடலாம். பொருளாதார வரலாறு படித்தவருக்குக் கரியுருண்டை. அணு இயற்பியலாளருக்குப் புளூட்டோனியம். யாரும் பொய் சொல்லவில்லை. சேறும் ஒன்றுதான். ஒரே ஒரு தேதியைக் கேட்கும்போதுதான் சண்டை வருகிறது.

பொறுமையிழந்த வேதியியலாளர்

இந்தச் சண்டைக்குப் பெயர் சூட்டியவர் நிலவியலாளர் அல்ல, வேதியியலாளர். ஓசோன் படலத்தின் வேதியியலுக்காக 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் க்ரூட்சன். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் பூமியின் மாற்றங்களை ஆராயும் சர்வதேசத் திட்டம் ஒன்றின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேசியவர் ‘ஹோலோசீன், ஹோலோசீன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசிப் பனியுகத்துக்குப் பிந்தைய 11,700 ஆண்டுகளுக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கேட்டுக்கொண்டிருந்த க்ரூட்சன் ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து குறுக்கிட்டார். நாம் ஹோலோசீனில் இல்லை, நாம் இருப்பது... என்று சொல்லத் தேடி, அந்த நொடியில் வாயில் வந்த சொல்லைச் சொன்னார்: ஆந்த்ரோபோசீன். மானுட ஊழி.

அப்புறம் பார்த்தால் அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. ஏரிகளின் டயட்டம் பாசிகளை ஆராய்ந்த யூஜீன் ஸ்டோர்மர் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1980களிலேயே அதைப் பயன்படுத்திவந்தார். இருவரும் சேர்ந்து அதே ஆண்டு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். காற்றைப் படித்தவரும் ஏரிநீரைப் படித்தவரும் சேர்ந்து, பாறையைப் படிப்பவர்களின் காலப்பட்டியலுக்குள் ஒரு பெயரை நுழைத்தார்கள். பின்னால் வந்த பல தகராறுகளுக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். பெயர் நிலவியல் பாணியில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கவலையோ நிலவியலுக்கு உரியதல்ல.

எண்ணம் இன்னும் பழையது. மத்தியதரைக் கடலோரத்தின் மொட்டை மலைகளைப் பார்த்த அமெரிக்கத் தூதர் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், காடழிப்பு நிலத்தை என்ன செய்கிறது என்று 1864இல் விரிவாக எழுதினார். இத்தாலிய நிலவியலாளரும் பாதிரியாருமான அந்தோனியோ ஸ்தொப்பானி 1873இல் ‘மானுட உயிர்க்காலம்’ என்ற பொருளில் ஒரு பெயரையே முன்வைத்தார்.

1955இல் பிரின்ஸ்டனில் நடந்த கருத்தரங்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மானுடவியலுக்கு நிதி கொடுக்கும் வென்னர்-கிரென் அறக்கட்டளை அதை நடத்தியது. பூமியின் முகத்தை மாற்றுவதில் மனிதனின் பங்கு என்ன என்பதுதான் பொருள். புவியியலாளர்கள், மானுடவியலாளர்கள், விலங்கியலாளர்கள், நகரங்களைப் பற்றி எழுதியவர்கள் என்று 70 பேர் அளவில் கூடினார்கள். தாவரவியலாளர் இ.கே.ஜானகி அம்மாளும் அழைக்கப்பட்டிருந்தார். பயிர்ச்செடிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பட்டியலிட்ட அவர், அங்கே எழுதிக்கொண்டு போனது இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம் பற்றி. செடியின் உயிரணுவையும் அதை நம்பி வாழும் ஆட்களையும் ஒரே தலைக்குள் வைத்திருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தக் கூட்டத்தாரின் கைக்கு எட்டாத ஒன்று இருந்தது. காற்றைத் தொடர்ந்து அளக்கும் வேலை அப்போது தொடங்கவில்லை. 1958இல்தான் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் கார்பன் டை ஆக்சைடை அளக்க ஆரம்பித்தார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் அது சுமார் 315. தொழிற்புரட்சிக்கு முன் 280 என்பது பின்னாளில் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழ்களிலிருந்து தெரிந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இந்த ஒரு வரைகோடு வந்ததும் பேச்சின் மையமே மாறிப்போனது. அதுவரை மனிதத் தடம் என்றால் மண், காடு, தீ, ஆறு. ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்குச் சொந்தமானது. கீலிங்குக்குப் பிறகு மொத்த உலகத்துக்கும் ஒரே எண் கிடைத்தது. அதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

தேதிக்குப் பின்னால் நிற்கும் ஆள்

க்ரூட்சன் முதலில் கைகாட்டிய தேதி 18ஆம் நூற்றாண்டின் இறுதி. ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்தை ஒட்டி 1784 என்று குறித்தார். பிறகு கடலடிப் படிவங்களை ஆராய்ந்த வில்லியம் ரடிமன் 2003இல் ஒரு குண்டைப் போட்டார். பனியுகங்களுக்கு இடையே வந்த முந்தைய வெப்பக் காலங்களின் போக்கை வைத்துப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு மெல்லக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கிறது. மீத்தேன் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஏறுகிறது. முதலாவதற்குக் காரணம் விவசாயத்துக்காகக் காட்டை எரித்தது, இரண்டாவதற்குத் தண்ணீர் தேக்கிய நெல்வயல்கள் என்றார். காற்றின் கணக்கில் நாற்றுநட்டவர்களும் வந்துவிட்டார்கள். இந்த ஏற்றத்துக்கு இயற்கையே காரணம் என்று மறுப்பவர்கள் பலர் உண்டு. வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பழைய கரிந்த நெல்மணிகளை வைத்து நெல் எங்கே, எப்போது, எவ்வளவு பரவியது என்று கணக்கிடும் தொல்லியலாளர்களிடம் வளிமண்டல ஆய்வாளர்கள் பேசியே ஆக வேண்டிய கட்டாயத்தை ரடிமன் உண்டாக்கினார். இதுவே பெரிய காரியம்.

2015இல் சைமன் லூயிஸும் மார்க் மாஸ்லினும் 1610 என்ற தேதியைச் சொன்னார்கள். அன்டார்க்டிகா பனியில் அந்த ஆண்டையொட்டி கார்பன் டை ஆக்சைடு சற்றே பள்ளம் விழுகிறது. பத்து லட்சத்தில் 7 முதல் 10 பங்கு குறைகிறது. கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டங்களில் பெரியம்மை போன்ற நோய்களாலும் போராலும் அடிமைத்தனத்தாலும் சுமார் 5 கோடிப் பேர் செத்தார்கள், வயல்கள் காடாகின, அந்தக் காடு காற்றிலிருந்து கரியை இழுத்துக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். அந்தப் பள்ளத்தில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் அந்த எண்ணின் கனத்தைப் பாருங்கள். பனியில் ஒரு சின்னச் சரிவு. அதற்குப் பின்னால் ஆளில்லாமல் போன ஊர்கள்.

1784 என்றால் அதன் பின்னால் நிலக்கரியும் ஆலை முதலாளியும் நிற்கிறார்கள். 1610 என்றால் காலனியாதிக்கம். 8,000 ஆண்டு என்றால் விவசாயம் செய்த எல்லோரும். அதாவது குறிப்பாக யாரும் இல்லை. 1950 என்றால் அணுகுண்டு, பெட்ரோல், உரம், பிளாஸ்டிக். தேதியைத் தேர்ந்தெடுப்பது பாதி அளவியல். மீதிப் பாதி, யாரைக் கூண்டில் நிறுத்துவது என்பது. இதை ஒப்புக்கொள்ளாமல் நடந்த விவாதங்கள்தான் அதிகம் கசந்துபோயின.

அந்த இடத்தில்தான் மானுடவியலும் வரலாறும் உள்ளே வந்து ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டன. மானுட ஊழி என்கிறீர்களே, எந்த மானுடன்? ஆண்ட்ரியாஸ் மால்ம் போன்றவர்கள், நீராவி இயந்திரத்தை மனித இனம் கூடி முடிவுசெய்து கொண்டுவரவில்லை, பிரிட்டனில் மூலதனம் வைத்திருந்த ஒரு சிறு கூட்டம் கொண்டுவந்தது, எனவே இதை மூலதன ஊழி என்று அழையுங்கள் என்றார்கள். வேறு சிலர் கரும்பு, பருத்தித் தோட்டங்களையும் அவற்றில் அடிமைகளாக உழைத்தவர்களையும் சுட்டிக்காட்டி, தோட்ட ஊழி என்றார்கள். 2009இல் வரலாற்றாளர் திபேஷ் சக்ரவர்த்தி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். அரசர்கள், வர்க்கங்கள், தேசங்கள் என்று எழுதப் பழகிய வரலாறு, மனிதனை ஓர் உயிரினமாக, நிலவியல் விசையாக எண்ணிப் பார்க்கத் தயாரா என்று கேட்டார். ஏற்றத்தாழ்வையும் மறக்கக்கூடாது, இனம் என்ற முழுமையையும் விட்டுவிடக்கூடாது. சொல்வது சுலபம், எழுதுவது கடினம்.

குருடர்கள் யானையைத் தடவிய கதையை இங்கே இழுக்க ஆசை வரும். பொருந்தாது. அந்தக் கதையில் தடவுகிறவர்கள் வேறு, யானை வேறு. இங்கே தடவுகிற கையும் யானையின் உறுப்புதான்.

வில் ஸ்டெஃபனும் குழுவினரும் 2004இல் 24 வரைபடங்களை வெளியிட்டார்கள். 1750 முதல் மக்கள்தொகை, உரம், அணை, போக்குவரத்து ஒரு பக்கம். கார்பன், மீத்தேன், வெப்பம், காடிழப்பு மறுபக்கம். ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் 1950ஐ ஒட்டிச் செங்குத்தாகத் திரும்பின. ‘பெரும் முடுக்கம்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. படம் கண்ணைப் பறித்தது. ஆனால் மக்கள்தொகையும் நுகர்வும் பக்கத்துப் பக்கத்தில் ஏறுவதைப் பார்த்தவர்கள், ஆள் கூடியதால் அழிவு கூடியது என்று எளிதாக முடிவுகட்டிவிடலாம். சமூக அறிவியலாளர்கள் இதைத்தான் விடாமல் குடைந்தார்கள். 2015இல் படங்களைப் புதுப்பித்தபோது, தரவு கிடைத்த சமூகப் பொருளாதாரக் கோடுகளைச் செல்வந்த நாடுகள், வளரும் பெரிய நாடுகள், மற்றவை என்று பிரித்துப் போட்டார்கள். வேறு படம் தெரிந்தது. 2010இல் செல்வந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியிடம் உலக மக்களில் 18 சதவீதம். உலக உற்பத்தியிலோ 74 சதவீதம். ஆள் கூடியது ஓரிடத்தில், நுகர்வு கூடியது வேறிடத்தில். ஒரு துறை இன்னொரு துறையின் வரைபடத்தையே மாற்றவைத்தது இது.

ஒரு கோல் பனிக்கட்டி

துறைகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறார்கள். எப்போது உண்மையிலேயே சேர்கின்றன என்று பார்த்தால், கொள்கை பேசும்போது அல்ல. எல்லோர் கையும் ஒரே பொருளின்மேல் இருக்கும்போது.

காரீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர் விண்கற்களை வைத்துப் பூமியின் வயதை அளக்க முயன்றபோது, எங்கிருந்தோ வந்த காரீயத் தூசு ஒவ்வொரு மாதிரியையும் கெடுத்துக்கொண்டே இருந்தது. ஆய்வகத்தைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் 1956இல் 455 கோடி ஆண்டு என்ற விடையை வெளியிட்டார். தொல்லை கொடுத்த அந்தத் தூசையே பிறகு ஆராயப் போனார். பெட்ரோலில் சேர்த்த காரீயம் உலகெங்கும் காற்றில் கலந்திருப்பதைத் துருவப் பனியிலும் கடல்நீரிலும் அளந்து காட்டினார். விண்கல்லில் தொடங்கியவர் பொதுச் சுகாதாரத்தில் போய் நின்றார்.

அதே கிரீன்லாந்துப் பனி இன்னும் பழைய காரீயத்தையும் வைத்திருக்கிறது. ரோமானியர்களின் வெள்ளி நாணயத்துக்கு வேண்டிய வெள்ளி பெரும்பாலும் காரீயத் தாதுவிலிருந்து வந்தது. தாதுவை உருக்கும்போது காரீயப் புகை மேலே போகும்; காற்று அதை வடக்கே கொண்டுபோகும்; அந்த ஆண்டுப் பனியோடு விழுந்து உறைந்துவிடும். 1994இல் இதை முதலில் காட்டியவர்களிடம் அந்த நீண்ட காலத்துக்கு 18 அளவீடுகள்தான் இருந்தன. உண்டு, இல்லை என்று சொல்லலாம், அதற்குமேல் போகமுடியாது.

2018இல் ஜோசஃப் மெக்கானலின் குழு வேறு வழியில் போனது. துளையிட்டு எடுத்த பனித்தூணை நீளவாக்கில் கோல்போல அறுத்து, சூடான தட்டின்மேல் நிறுத்திவைத்தார்கள். அடிமுனை கொஞ்சம் கொஞ்சமாக உருக, அந்த நீர் நேராகக் கருவிகளுக்குள் போகிறது. கோல் குறையக் குறைய ஆண்டுகள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. கிறிஸ்துவுக்கு முன் 1100 முதல் கிறிஸ்துவுக்குப் பின் 800 வரை, இடைவெளியில்லாமல், ஏறக்குறைய ஆண்டுக்கணக்கில் காரீயத்தின் ஏற்ற இறக்கம் கிடைத்தது. கடல்வணிகர்களான பினீசியர்கள் மேற்கே பரவும்போது ஏறுகிறது. ஸ்பெயின் பக்கத்துச் சுரங்கங்களில் வேலை சூடுபிடிக்கும்போது இன்னும் ஏறுகிறது. ரோமானியக் குடியரசின் கடைசி நூற்றாண்டு உள்நாட்டுப் போர்களில் விழுகிறது. பேரரசின் அமைதிக் காலத்தில் உச்சம். 165இல் அந்தோனைன் கொள்ளைநோய் வந்ததும் சரிகிறது. பிறகு பல நூற்றாண்டுகளுக்கு அந்த உயரத்தைத் தொடவேயில்லை.

இதில் யாரைக் கழித்துவிட முடியும்? வேதியியலாளர் இல்லாமல் எண் இல்லை. காற்று எந்தத் திசையில் எவ்வளவு சுமக்கும் என்று கணக்கிட்ட வளிமண்டல ஆய்வாளர்கள் இல்லாமல், பனியில் விழுந்த துளிக்கும் ஸ்பெயின் உலைக்கும் தொடர்பு இல்லை. வரலாற்றாளர்களும் தொல்லியலாளர்களும் இல்லாவிட்டால் அது மேலும் கீழும் போகும் ஒரு கோடு மட்டும். வரலாற்றாளர்கள் இதில் விருந்தாளிகள் அல்ல; ரோமானியப் பொருளாதாரம் வளர்ந்ததா, தேங்கியதா என்ற அவர்களுடைய பழைய வழக்கில் புதிய சாட்சி கிடைத்தது. இருதரப்புக்கும் வரவு இருந்ததால்தான் கூட்டு நிலைத்தது.

கோழி எலும்பிலும் இதுவே நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இறைச்சிக் கோழியின் உடல் எடை நான்கைந்து மடங்கு ஏறியதை, லண்டன் அகழாய்வுகளில் கிடைத்த ரோமானியக் கால, இடைக்காலக் கோழி எலும்புகளோடு ஒப்பிட்டு 2018இல் காட்டினார்கள். தொல்லியலாளர்கள் வேறு எதற்கோ அளந்து குறித்துவைத்த எலும்பளவுகள், எதிர்காலப் புதைபடிவம் எப்படி இருக்கும் என்பதற்குச் சான்றாகிவிட்டன. அதே ஆண்டு வேறொரு கணக்கும் வந்தது: உலகப் பாலூட்டிகளை எடைபோட்டால் கால்நடைகள் 60 சதவீதம், மனிதர்கள் 36, காட்டில் திரிபவை வெறும் 4.

தடம் என்றால் காயமா?

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் கிஸ்ஸிடுகு பகுதி புல்வெளி. நடுநடுவே தீவு தீவாக அடர்ந்த காட்டுத்திட்டுகள். ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ஒரு கிராமம். பிரெஞ்சுக் காலனி அதிகாரிகள் முதல் பின்னாள் வனத்துறையினர், சூழலியலாளர்கள் வரை பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஒரு காலத்தில் இங்கே முழுக்கக் காடு இருந்தது, ஊர்க்காரர்கள் எரித்தும் வெட்டியும் அழித்துவிட்டார்கள், மிச்சம் இவ்வளவுதான். அதன்மேல் சட்டங்கள் வந்தன. தீ வைத்தால் தண்டனை, மரம் வெட்டினால் அபராதம்.

1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற இரு மானுடவியலாளர்கள் அங்கே தங்கி, ஊர்ப் பெரியவர்களிடம் ஊர் தோன்றிய கதையைக் கேட்டார்கள். பெரியவர்கள் தலைகீழாகச் சொன்னார்கள். முன்னோர் வந்தபோது இங்கே வெறும் புல். காடு எங்களால் வந்தது. ஊரைச் சுற்றிப் புல்லை மாடு மேய்ந்துவிடுவதால் தீ நெருங்குவதில்லை; குப்பையும் சாம்பலும் மண்ணை வளமாக்குகின்றன; தற்காப்புக்காக மரங்களை வேலிபோல நட்டார்கள். சரி, இது வாய்மொழி, யார் நம்புவார்? அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1952இல் எடுத்த வான்படங்களையும் அண்மைக்கால செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் வைத்தார்கள். பழைய பயணக் குறிப்புகளையும் தேடிப் படித்தார்கள். பெரும்பாலான இடங்களில் காட்டுத்திட்டுகள் சுருங்கவில்லை. அப்படியே இருந்தன அல்லது விரிந்திருந்தன. அதிகாரிகள் அழிவின் மிச்சமாகக் கண்டது மனிதன் வளர்த்தது.

மனிதத் தாக்கத்தை அளக்கப் புறப்படும் பலர் கையில் ஒரு மறைமுகமான சூத்திரம் இருக்கும்: மனிதன் வருவதற்கு முன் தூய்மை, வந்தபின் கெடுதல். கினியின் பெரியவர்கள் அந்தச் சூத்திரத்தை உடைத்தார்கள். அமேசானில் பழங்குடிகள் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண்ணும், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பருவம் பார்த்துத் தீவைத்துப் பராமரித்த நிலங்களும் அதே பக்கம் பேசுகின்றன. 250க்கும் மேற்பட்ட தொல்லியலாளர்களின் அறிவைத் திரட்டி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 3,000 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டையாடிகளும் உழவர்களும் மேய்ப்பவர்களும் உலகின் பெரும்பகுதியை மாற்றியிருந்தார்கள் என்றது. அப்போதெல்லாம் உயிரினங்கள் இன்றைய வேகத்தில் அழியவில்லை. அப்படியானால் கவலைப்பட வேண்டியது மனிதன் தொட்டதைப் பற்றி அல்ல, எப்படித் தொட்டான் என்பதைப் பற்றி.

சொற்களும் சும்மா இருப்பதில்லை. காடு என்றால் என்ன? ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்கில் அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் விதானம் என்றால் காடு. ரப்பர் தோட்டமும் அதற்குள் வந்துவிடும். எண்ணெய்ப்பனைத் தோட்டம் வராது. பறவைகளை எண்ணும் சூழலியலாளருக்கு ரப்பர் தோட்டம் காடு அல்ல. அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் கதையை எழுதும் வரலாற்றாளருக்கும் அல்ல. மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ‘காடு குறைகிறது’ என்று தலையாட்டலாம். மூவர் சொல்வதும் வேறு வேறு. கூட்டு ஆய்வுகள் பல இந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் கவிழ்கின்றன. இன்னொரு பழக்கமும் உண்டு: கேள்வி, கருவி, மாதிரி எல்லாம் முடிவான பிறகு, ‘மக்களிடம் எடுத்துச் சொல்ல’ ஒரு சமூகவியலாளரைக் கடைசியில் சேர்த்துக்கொள்வது. அதைக் கூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆணி அடிக்கப்படவில்லை

நிலவியலாளர்களுக்கு ஒரு கறாரான விதி இருக்கிறது. புதிய காலப்பிரிவு வேண்டுமென்றால் உலகில் ஓரிடத்தில், ஓர் அடுக்கில், தொடக்கம் இதுதான் என்று விரல்வைத்துக் காட்ட வேண்டும். அந்த இடத்தைத் தங்க ஆணி என்பார்கள். ஹோலோசீனின் ஆணி கிரீன்லாந்துப் பனித்தூணில் இருக்கிறது. அதன் கடைசி உட்பிரிவான மேகாலயன் காலத்துக்கு மேகாலயாவின் மாம்லு குகையில் வளர்ந்த சுண்ணாம்புக் கசிவுப்பாறை. மானுட ஊழிக்கும் ஆணி தேட 2009இல் ஒரு பணிக்குழு அமைந்தது. 2019இல் 34 உறுப்பினர்களில் 29 பேர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வாக்களித்தார்கள். பவளப்பாறை, கரிச்சதுப்பு, துருவப்பனி, வளைகுடாச் சேறு என்று பல இடங்களை எடைபோட்டு, 2023 ஜூலையில் கிராஃபோர்ட் ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஹைட்ரஜன் குண்டு வெடித்த 1952ஐ ஒட்டிய புளூட்டோனியக் கோடுதான் அடையாளம்.

2024 மார்ச்சில் அந்த முன்மொழிவு மேல்குழுவின் வாக்கெடுப்பில் தோற்றது: ஆதரவு 4, எதிர்ப்பு 12. அதே மாதத்தில் நிலவியலின் சர்வதேச ஒன்றியம் முடிவை உறுதிசெய்தது. எதிர்த்தவர்கள் மனிதத் தாக்கத்தை மறுப்பவர்கள் அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளை அளக்கும் கோலில் ஒரு மனித ஆயுளுக்கு ஒரு பிரிவா என்பது ஒரு தயக்கம். உழவு, காலனி, ஆலை எல்லாவற்றையும் 1952க்கு முன் என்று வெளியே தள்ளிவிடுகிறதே என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்தைத்தான் தொல்லியலாளர்களும் வரலாற்றாளர்களும் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பணிக்குழுவில் இருந்த சூழலியலாளர் எர்ல் எல்லிஸ் வாக்கெடுப்புக்கு முந்தைய ஆண்டே இதற்காக விலகியிருந்தார்.

அவரும் வேறு சிலரும் முன்வைக்கும் மாற்று, மானுட ஊழியை ஒரு காலப்பிரிவாக எண்ணாமல் ஒரு நிகழ்வாக எண்ணுவது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நுண்ணுயிர்கள் காற்றில் ஆக்சிஜனை நிரப்பியதை நிலவியலாளர்கள் அப்படித்தான் நிகழ்வு என்கிறார்கள். அதற்குத் தங்க ஆணி கிடையாது, கோடிக்கணக்கான ஆண்டுகள் நீண்டது. நிகழ்வு என்றால் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் தொடங்கலாம். மக்காச்சோளத்துக்கும் இடம் உண்டு, புளூட்டோனியத்துக்கும் இடம் உண்டு. இது எல்லோரையும் திருப்திப்படுத்தும் வழுவழுப்பான தீர்வு, 1950க்குப் பிறகு வந்த திடீர்த் திருப்பத்தை மங்கலாக்கிவிடும் என்று பணிக்குழுவினர் சொல்கிறார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. 24 வரைபடங்களும் அவர்கள் பக்கம். எனக்கு நிகழ்வு என்ற யோசனையே பிடித்திருக்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் எந்த இடத்தில், யாரால், எந்த வேகத்தில் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். ‘மனிதன்’ என்று பொத்தாம்பொதுவாகத் தப்பிக்க முடியாது.

நிராகரித்த அதே அறிக்கையில் ஒன்றியம் இன்னொன்றையும் சொன்னது: அதிகாரபூர்வ காலப்பட்டியலில் இடமில்லை என்றாலும், புவி அறிவியலாளர்கள் மட்டுமல்லாமல் சமூக அறிவியலாளர்களும் பொருளாதார அறிஞர்களும் அரசியலாளர்களும் பொதுமக்களும் இந்தச் சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்துவார்கள், மனிதத் தாக்கத்தைக் குறிக்க அது மதிப்புமிக்க சொல்லாகவே இருக்கும் என்று. காற்றைப் படித்தவர் ஒரு கூட்டத்தில் பொறுமையிழந்து சொன்ன சொல்லைப் பாறையைப் படிப்பவர்கள் கால் நூற்றாண்டு கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.